பல் போனால் போகட்டும்

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் முதலில் மாட்டின் வாயைத்தான் திறந்து பார்ப்பார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைமுளைப்பு என்று வயதுக்கான கணக்கு அங்கேதான் இருக்கிறது. பல் தேய்ந்த மாட்டுக்கு விலை இறங்கிவிடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி சொல்வதும் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான். சந்தைக்காரரின் கணக்கில் நியாயம் உண்டு. வைக்கோலை அரைத்துக் கூழாக்கி உள்ளே அனுப்பினால்தான் மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளால் அதைப் புளிக்கவைக்க முடியும். யானையின் நிலை இன்னும் கடுமை. அதன் வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தேய்கின்றன. ஆறாவதும் தேய்ந்துபோன கிழட்டு யானை, சுற்றிலும் தழை மண்டிக் கிடந்தாலும் மெலிந்து சாகும்.

நாம் நாயையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறோம். பதின்மூன்று வயதுப் பொமரேனியனின் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் வீட்டார் முகம் வெளிறிப்போகிறது. “அப்புறம் அது எப்படி டாக்டர் சாப்பிடும்?” என்பதுதான் முதல் கேள்வி. (தமிழ்நாட்டில் பொமரேனியன் என்று நாம் கொஞ்சும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அது வேறு கதை.) கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான பதில், மாட்டின் வாய்க்கும் நாயின் வாய்க்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேலே 20, கீழே 22. நம்மைவிடப் பத்து அதிகம் என்றாலும் நம்மைப் போல அரைப்பதற்கான ஏற்பாடு அதில் மிகக் குறைவு. முன்னால் இருக்கும் சிறு பற்கள் கொறிக்கவும் பூச்சி தேடவும். கோரைப் பற்கள் பிடித்து நிறுத்த. அதன் பின்னால், மேல் தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லும் ஒன்றையொன்று உரசி இறங்கும்போது இறைச்சியும் தோலும் அறுபடும். நாயின் தாடை மேலும் கீழும் அசையும். மாட்டின் தாடையைப் போலப் பக்கவாட்டில் சுழலாது. அறுத்த துண்டை அது அப்படியே விழுங்கிவிடுகிறது. அதற்கேற்ற உணவுக்குழாயும் அதற்கு உண்டு. நம் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி மென்தசையால் ஆனது. நாய்க்கோ முழுநீளமும் வரித்தசை.

எச்சிலிலும் வேறுபாடு இருக்கிறது. நாம் சோற்றை மெல்லும்போதே எச்சிலில் உள்ள அமிலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கிவிடும். நாயின் எச்சிலில் அந்த நொதி இல்லை என்றே சொல்லலாம். மாவுச்சத்தைச் செரிக்கிற வேலை முழுவதும் கணையத்தின் பொறுப்பு. 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு இதைப் பற்றியதுதான். கணைய அமிலேஸைச் செய்யும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான். நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருந்தன. மனிதர் வீசிய சோற்றையும் கஞ்சியையும் தின்று பழகிய விலங்கு தன்னை மாற்றிக்கொண்டது வயிற்றுக்குள்ளே. பல் அந்த மாற்றத்தில் பங்கெடுக்கவில்லை.

ஆகவே பல் இழந்த நாய் இழப்பது பிடிப்பதையும் கிழிப்பதையும். இந்த இரண்டு வேலையையும் வீட்டில் கத்தியோ மிக்ஸியோ செய்துவிடும். செரிமானத்தைப் பொறுத்தவரை அது இழந்தது மிகச் சிறிது.

அப்படியானால் பல் கெட்ட கிழட்டு நாய்கள் ஏன் சாப்பிடாமல் கிடக்கின்றன? பெரும்பாலும் போன பல்லால் அல்ல. போகாமல் வாயில் நிற்கும் பல்லால். இதைப் புரிந்துகொள்ள ஈறுக்குக் கீழே போக வேண்டும்.

பல்லின் மேல் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் ஒட்டி ஒரு மெல்லிய படலமாகின்றன. நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்க்குச் சொத்தைப் பல் அரிது. ஆனால் அதே காரணத்தால் எச்சிலில் உள்ள கால்சிய உப்புகள் அந்தப் படலத்தில் சீக்கிரமாகப் படிந்து காறையாக இறுகிவிடும். பழுப்பு நிறத்தில் கண்ணுக்குத் தெரியும் காறை அவ்வளவு பெரிய எதிரி அல்ல. அதன் ஓரமாக ஈறுக்கும் வேருக்கும் நடுவில் இறங்கும் பாக்டீரியாக்கள்தான் வேலையைக் காட்டுகின்றன. அவற்றை விரட்ட உடல் அனுப்பும் அழற்சி, பல்லைத் தாங்கும் எலும்பையும் சேர்த்துக் கரைக்கிறது. எலும்பு கரையக் கரையப் பல் ஆடுகிறது, சீழ் பிடிக்கிறது, கடைசியில் விழுகிறது.

சின்ன நாய்களுக்கு இது ஏன் இவ்வளவு மோசமாக வருகிறது என்பதற்கு ஒரு வடிவியல் காரணம் உண்டு. இனவிருத்தி செய்தவர்கள் நாயின் உடலைச் சுருக்கியபோது தாடை சுருங்கிய அளவுக்குப் பல் சுருங்கவில்லை. யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில் போன்றவற்றின் சின்னஞ்சிறு தாடையிலும் அதே 42 பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு, சில திரும்பி, சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இடுக்குகளில் உணவும் படலமும் தங்குகின்றன. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல் இன்னும் ஆபத்தானது. பெரிய நாயில் அதன் வேருக்குக் கீழே தடித்த எலும்பு இருக்கும். இரண்டு மூன்று கிலோ நாயில் வேரின் நுனி தாடையின் அடிவிளிம்புக்கு மிக அருகே வந்துவிடுகிறது. அந்த வேரைச் சுற்றி எலும்பு கரைந்துவிட்டால், கட்டிலிலிருந்து குதித்ததற்கே தாடை முறியலாம்.

மேல் கோரைப் பல்லின் வேருக்கும் மூக்குக் குழிக்கும் நடுவில் இருப்பதும் ஒரு மெல்லிய எலும்புத் தகடுதான். அது கரைந்து ஓட்டையானால் தின்கிற உணவும் குடிக்கிற தண்ணீரும் மூக்குக்குள் ஏறும். டாக்ஸ்ஹண்ட் நாய்களில் இது அதிகம். சாப்பிட்டதும் தும்முகிற, ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் சளி வழிகிற கிழட்டு நாய்க்குச் சளி மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அதன் வாயைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

வலி இருப்பதை நாய் காட்டாது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும், எடுத்த கவளத்தைக் கீழே போடும், தட்டருகே வந்து நின்று முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். “வயசாயிடுச்சு, ருசி பிடிக்கல” என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்-ரே எடுத்து, கெட்ட பற்களை வேரோடு எடுத்துத் தையல் போட்ட பிறகு இதே நாய் சில நாட்களில் தட்டை நக்கிக் காலி செய்வதைக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கிறார்கள். ஈறு ஆறும் வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், மென்மையான உணவு கட்டாயம். அதன் பின் பல நாய்கள் பல்லே இல்லாமல் உலர்தீவனத்தைக்கூட விழுங்கிக்கொள்கின்றன. வயதான உடலுக்கு மயக்க மருந்து ஏற்குமா என்ற பயம் நியாயமானது. இரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் முன்கூட்டியே செய்வது அதற்காகத்தான். ஆனால் சீழ் பிடித்த வாயோடு மூன்று வருடம் வாழ்வதிலும் ஆபத்து இருக்கிறது. அதை நாம் எடைபோடுவதே இல்லை.

இந்த இடத்தில் பழைய நம்பிக்கை ஒன்று குறுக்கே வரும். கடினமாகக் கொடுத்தால் பல் உறுதியாக இருக்கும், மெத்தென்று கொடுத்ததால்தான் பல் போனது என்பார்கள். நாய் பிஸ்கட் என்ற பண்டமே ஒரு வியாபாரியின் கண்டுபிடிப்பு. இடிதாங்கி விற்க அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குப் போன ஜேம்ஸ் ஸ்ப்ராட், கப்பல்காரர்களின் கெட்டி ரொட்டியைத் துறைமுகத்து நாய்கள் தின்பதைக் கண்டு, 1860களில் கோதுமை, பீட்ரூட், இறைச்சி கலந்த நாய் பிஸ்கட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. கடித்தால் பல் சுத்தமாகும் என்ற விளம்பரம் பின்னால் வந்து சேர்ந்தது. சாதாரண உலர்தீவனக் குருணை பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும். ஈறு ஓரத்தைத் தொடுவதே இல்லை. பல்லுக்கென்றே நார் பின்னலோடு செய்யப்படும் தீவனங்கள் வேறு வகை. அவற்றைப் பரிசோதித்து முத்திரை தர 1997இல் அமெரிக்காவில் கால்நடை வாய்நல மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. அவைகூடப் பல் இருக்கிற நாய்க்குத்தான். இல்லாத நாய்க்கு அவற்றால் பயனில்லை.

பல் குறைந்த நாய் நீண்ட நாள் வாழும் என்பதற்குப் பிறவியிலேயே பல் குறைந்த நாய்கள் சாட்சி. மெக்சிகோவின் ஷோலோ, பெரு நாட்டு மயிரிலா நாய், சைனீஸ் கிரெஸ்டட் ஆகிய மூன்றும் உடம்பில் மயிர் இல்லாதவை. மயிரில்லா நாய்களுக்குப் பல்லும் குறையாகவே இருக்கும் என்பதை டார்வின் 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே குறித்திருக்கிறார். ஒரு குறையோடு இன்னொரு குறை ஏன் சேர்ந்தே வருகிறது என்பது அவருக்குப் புதிர். விடை 2008இல் கிடைத்தது. ஃபாக்ஸ்-ஐ3 என்ற மரபணுவில் ஏழு எழுத்துகள் இருமுறை வந்துவிட்ட பிழை அது. மயிரும் பல்லும் கருவில் ஒரே வெளித்தோல் அடுக்கிலிருந்து முளைப்பவை. அங்கே பிழை நேர்ந்தால் இரண்டும் பாதிக்கப்படும். பிழையான பிரதி இரண்டு சேர்ந்தால் குட்டி பிறக்கும் முன்பே இறந்துவிடும் என்பதால் மயிரில்லா நாய் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதியோடு வாழ்கிறது. மெக்சிகோவின் தொல்லியலாளர்களுக்கு இது கைகொடுத்தது. மண்ணுக்குள் தோலும் மயிரும் மிஞ்சாது, தாடை மிஞ்சும். முன்கடைவாய்ப் பற்கள் முளைக்காத தாடையைக் கண்டால் அது மயிரில்லா நாய் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாய்களை ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அங்கே மனிதர் தீனி போட்டு வளர்த்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் நடக்கும் உலகின் அவலட்சணமான நாய்ப் போட்டியில் சைனீஸ் கிரெஸ்டட் நாய்கள் அடிக்கடி பரிசு வாங்குவதற்கும் காரணம் இதே மரபணுதான். பல் இல்லாத பக்கமாக நாக்கு வெளியே தொங்கும். 2022இல் வென்ற மிஸ்டர் ஹேப்பி ஃபேஸுக்கு வயது 17. 2024இல் வென்ற வைல்ட் தேங் என்ற பெக்கினீஸ் நாய்க்கு மரபணுவில் குறையில்லை. குட்டியாக இருந்தபோது வந்த டிஸ்டெம்பர் நோய் அதன் பற்களை வளரவிடவில்லை. பல் உருவாகும் வயதில் டிஸ்டெம்பர் வைரஸ் தாக்கினால் எனாமல் செய்யும் செல்கள் செத்துப்போகும். பிழைத்த நாயின் பல்லில் அந்த நோயின் தடம் ஆயுளுக்கும் நிற்கும்.

ஆயுள் முடிந்த பிறகும் நிற்கும். ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் 1914இல் கல்லுடைத்தவர்கள் ஒரு கல்லறையைக் கண்டார்கள். ஆண் ஒருவர், பெண் ஒருவர், கூடவே ஒரு நாய். ஏறக்குறைய 14,000 ஆண்டுகள் பழையது. 2018இல் வெளியான ஆய்வில் அந்த நாயின் பற்களில் இருந்த கோடுகளை வைத்து, அதற்கு ஐந்து மாத வயதை ஒட்டி டிஸ்டெம்பர் வந்திருக்க வேண்டும், நோய் விட்டுவிட்டுப் பல வாரம் நீடித்தது, ஏழு மாதம் அளவில் இறந்தது என்று கணித்தார்கள். வேட்டைக்கு உதவாத, எழுந்து நிற்கவே தெம்பில்லாத குட்டி. யாரோ வாயில் தண்ணீரும் உணவும் ஊட்டாமல் அத்தனை வாரம் அது தாக்குப்பிடித்திருக்காது என்பது ஆய்வாளர்களின் வாதம்.

இனி ஊட்டும் விதத்துக்கு வருவோம். பல் போன நாய்க்கு நாக்குதான் கை. நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாக்கைப் பின்பக்கமாக மடித்துக் கரண்டிபோல அள்ளுகிறது என்று நமக்குத் தோன்றும். அதிவேகக் கேமராவில் பார்த்தால் கரண்டியில் இருப்பதில் பெரும்பகுதி சிந்திவிடுகிறது. 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு காட்டியது இது: நாக்கை நாய் மிக வேகமாக மேலே இழுக்கும்போது அதன் முன்புறத்தில் ஒட்டிய தண்ணீர் ஒரு தூணாக எழும்புகிறது. தூண் உடைவதற்குள் வாயை மூடி அதைக் கவ்விக்கொள்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடியும்.

இந்த நாக்குக்கு எந்தப் பதத்தில் உணவு வேண்டும்? ரசம்போல நீர்த்திருந்தால் அள்ளி அள்ளிச் சிந்தும், அவசரத்தில் மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்புண்டு. பிசைந்த களிபோல ஒட்டினால் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பல்லும் இல்லை, நம்மைப்போல விரலும் இல்லை, காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும். இட்லி மாவுப் பதம் என்று சொன்னால் நம் வீடுகளில் விளங்கிவிடும்: கரண்டியில் நிற்க வேண்டும், சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். உலர்தீவனம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து மசித்தால் போதும். கொதிநீர் வேண்டாம், சில வைட்டமின்கள் சூட்டில் கெடும். ஊறிய தீவனம் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும்.

தட்டும் முக்கியம். ஆழமான கிண்ணத்தின் அடியில் கிடப்பதை நாக்கால் எடுக்க முடியாமல் பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்கள் திணறும். தட்டையான, ஓரம் சற்றே உயர்ந்த தட்டு நல்லது. எவர்சில்வர் தட்டு டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போக, நாய் அதன் பின்னால் சமையலறை முழுக்க நக்கிக்கொண்டே நடப்பது பார்க்க வேடிக்கைதான். மூட்டு வலியுள்ள கிழட்டு நாய்க்கு அது வேடிக்கை அல்ல. அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் தீர்ந்தது.

பதத்தை எல்லோரும் எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். தவறுவது கணக்கில். உடலின் ஓய்வுநிலை ஆற்றல் தேவை, எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால் கிடைக்கும் என்பது கால்நடை மருத்துவத்தில் வழங்கும் சூத்திரம். 30 கிலோ நாய்க்கு இது ஏறக்குறைய 900 கலோரி. 3 கிலோ நாய்க்கு 160. அதாவது பெரிய நாயின் உடலில் ஒரு கிலோவுக்கு 30 கலோரி போதும் என்றால் சின்ன நாயின் ஒரு கிலோவுக்கு 53 வேண்டும். உருவம் சிறுக்கச் சிறுக்க எடைக்கு எடை செலவு கூடும். நடமாட்டத்தையும் சேர்த்தால் வயதான 3 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். வயிறோ கைப்பிடி அளவு.

உலர்தீவனமாக இருந்தால் இந்த 200 கலோரி 55 கிராமில் அடங்கிவிடும். டப்பாவில் வரும் ஈரத்தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் சுமார் 200 கிராம் வேண்டும். பல் இல்லையே என்று மேலும் மேலும் தண்ணீர் விட்டுக் கரைத்தால் வயிறு நிறையும், கலோரி நிறையாது. ஒரே வேளையில் கொடுக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரிக்கச் சொல்வது இதனால்தான். மிகச் சிறிய நாய்கள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடவும் கூடும்.

நம் வீடுகளில் பல் போன நாய்க்கு வழக்கமாகக் கிடைப்பது தயிர்சாதம். 100 கிராம் சோறும் 100 கிராம் தயிரும் பிசைந்தால் ஏறக்குறைய 190 கலோரி வரும், நாளின் ஆற்றல் கணக்கு முடிந்தது. ஆனால் புரதம் சுமார் 6 கிராம்தான். தீவனங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஃப்கோ, வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் என்கிறது. 200 கலோரிக்கு 9 கிராம். வயதான நாயின் தசை கரைந்துகொண்டே போவதால் அதற்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும். தயிர்சாதத்தில் ஒரு வேளையைக் குறைத்து ஒரு வேகவைத்த முட்டையை மசித்துச் சேர்த்தால் 6 கிராம் கூடும். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 30 கிராமில் 9 கிராம் புரதம் இருக்கிறது. அதை மிக்ஸியில் போட்டு வெந்த தண்ணீரோடு அரைத்தால் நாக்குக்கு ஏற்றதாகிவிடும்.

மாலையில் டீயில் நனைத்த இரண்டு மேரி பிஸ்கட் என்பது பல வீடுகளில் நாயின் உரிமை. இரண்டும் சேர்ந்து 50 கலோரியை நெருங்கும், அந்த நாயின் ஒரு நாள் உணவில் கால் பங்கு. மெலிந்துபோகிறதே என்று சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் 45 கலோரி. நெய்யில் இன்னொரு வம்பும் உண்டு: யார்க்‌ஷயர் டெரியர், மினியேச்சர் ஷ்னாசர் போன்ற சிறு இனங்களுக்குக் கணைய அழற்சி எளிதில் வரும், கொழுப்பு திடீரென்று கூடினால் அதைத் தூண்டிவிடலாம்.

புரதம் என்றதும் எதிர்ப்பக்கம் சாய்ந்து கோழிக்கறியை மட்டுமே அரைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியமோ அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. உடலுக்கு வேண்டியது கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமல் இருப்பது. இரத்தத்தில் கால்சியம் இறங்கும்போது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு எலும்பைக் கரைத்து அதை ஈடுகட்டும். முதலில் கரைவது தாடை எலும்பு. மாதக்கணக்கில் இது நீடித்தால் எலும்பு இருந்த இடத்தில் நார்த்திசு வந்து, தாடையை விரலால் வளைக்க முடிகிற அளவுக்கு மெத்தென்றாகிவிடும்; மிச்சமிருந்த பற்களும் ஆடும். ரப்பர் தாடை என்றே மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். வாய்க்கு இதமாகக் கொடுத்த உணவே வாயைத் தின்றுவிடுகிறது. தடுக்க வேண்டிய அளவு மிகச் சிறியது: 200 கலோரிக்குக் கால்சியம் கால் கிராம். நைசாக அரைத்த முட்டையோட்டுப் பொடியில் முக்கால் கிராமுக்குள் அது கிடைத்துவிடும். ஆனால் துத்தநாகம், அயோடின், சில வைட்டமின்கள் என்று பட்டியல் நீள்வதால், வீட்டுச் சமையலை மட்டுமே நம்புகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு சமன்செய்த குறிப்பு வாங்கிக்கொள்வதுதான் சரி. அது முடியாதவர்களுக்கு, முழு ஊட்டம் என்று அச்சிட்ட தீவனத்தை ஊறவைத்துக் கொடுப்பதே சிறந்த வழி என்பது என் கருத்து. வீட்டுச் சமையலுக்கு அன்பு அதிகம் என்பதில் சந்தேகமில்லை. எலும்புக்கு அது தெரியாது.

சின்ன உடம்புக்கு நஞ்சின் அளவும் சின்னது. வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சமைத்தாலும் அழியாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும் என்பார்கள். 3 கிலோ நாய்க்கு அது ஒரு நடுத்தர வெங்காயத்தில் பாதி. சாம்பாரில் பிசைந்த சோறு, வெங்காயப் பொடி சேர்ந்த சூப், குழந்தை உணவு டப்பா எல்லாவற்றிலும் இது மறைந்திருக்கும். பாயசத்தில் உள்ள திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரைக்குப் பதிலாக ஸைலிட்டால் போட்ட வேர்க்கடலை வெண்ணெய் கொஞ்சமே போதும், இரத்தச் சர்க்கரை தடாலென்று விழும். வெந்த கோழி எலும்பைப் பல் இல்லாத நாய் கடிக்காது என்று அசட்டையாக இருக்காதீர்கள். முழுசாக விழுங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தட்டைத் தொடாத நாய்க்கு மூக்கின் வழியாக ஆசை காட்ட வேண்டும். நமக்குச் சுவை மொட்டுகள் 9,000 என்றால் நாய்க்கு 1,700 அளவில்தான். உணவைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அதற்கு மூக்குதான் செய்கிறது. வயதில் அந்த மூக்கும் மந்தமாகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவில் வாசனை எழும்பாது. உடல் சூட்டின் அளவுக்கு, 37, 38 டிகிரிக்குச் சூடாக்கினால் மணம் பரவும். மைக்ரோவேவில் வைத்தால் ஆங்காங்கே கொதிக்கும் இடங்கள் இருக்கும், கலக்கி விரலால் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். பல் எடுத்த புதிதில் சில நாய்களுக்குத் தட்டு என்றாலே பழைய வலி நினைவுக்கு வரும். உள்ளங்கையில் வைத்து நீட்டினால் நக்கும்.

கடைசியாக ஒரு தராசு வாங்குங்கள். 3 கிலோ நாய் 300 கிராம் இளைப்பதும் 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைப்பதும் ஒன்று. மனிதரில் ஊரே கேட்கும். ஸ்பிட்ஸ் நாயின் அடர்ந்த மயிருக்குள் அது தெரியாமல் போகும். குழந்தைகளை நிறுக்கும் தராசில் வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலை உணவுக்கு முன் நிறுத்துக் குறித்துவைத்தால் போதும். விலாவையும் முதுகுத்தண்டையும் தடவிப் பார்ப்பதும் அவசியம். கொழுப்பு அப்படியே இருக்க, தசை மட்டும் கரைவது முதுமையில் உண்டு. எடை இறங்கினால் கலோரியைக் கூட்டிப் பாருங்கள். நன்றாகத் தின்றும் இறங்கிக்கொண்டே போனால் பல்லைக் குற்றம் சொல்ல முடியாது. சிறுநீரகம், சர்க்கரை, கட்டி என்று தேட வேண்டிய நேரம் அது. சிறுநீரகம் பழுதானது என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் மேலே சொன்ன கணக்கு மாறும். புரதத்தை மருத்துவர் சொல்லும் அளவில் நிறுத்தி, பாஸ்பரஸைக் குறைக்க வேண்டியிருக்கும். பழுதான சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றாமல் தேக்கினாலும் அதே பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு அதே தாடை எலும்பு கரையும். அதற்கென்று தயாரிக்கும் தீவனம் ஈர வடிவிலும் கிடைக்கிறது, கரண்டியால் மசித்தால் பதம் தானாக வந்துவிடும்.